நெல்லையிலிருந்து ஜெர்மனிக்கு மூன்று மாத இன்டர்ன்ஷிப்: அன்றாடமும் வார இறுதியும்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள், சில பேக்கரிகள், உணவகங்கள், பெட்ரோல் பங்க்குகள் தவிர மற்றதெல்லாம் சாத்திக் கிடக்கும். ராத்திரி பத்து மணிக்கும் ஜங்ஷன் பக்கம் போனால் பரோட்டா கிடைக்கும் என்று பழகிய பிள்ளைகளுக்கு இது முதல் அடி. சனிக்கிழமை ராத்திரி போய் இறங்குகிறவர் ஞாயிறு முழுவதும் பெட்டியில் இருக்கும் முறுக்கைத் தின்றுகொண்டு இருக்க வேண்டியதுதான். அதனால் டிக்கெட் போடும்போதே செவ்வாய் அல்லது புதன் பகலில் இறங்குகிற மாதிரி போடுங்கள். சாவி தருகிறவர், சிம் கடை, அலுவலகம் எல்லாம் அந்த நேரத்தில்தான் கையில் கிடைக்கும்.

பயணமோ சமையலோ, அங்கே எல்லாமே இந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றித்தான் ஓடும். வார நாளில் செய்யவேண்டியதைச் செய்து வைத்தவருக்குத்தான் வார இறுதி கிடைக்கும்.

நாட்கணக்கும் பெயர்க்கணக்கும்

மூன்று மாதம் வேறு, 90 நாள் வேறு. ஷெங்கன் என்பது ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. அதன் குறுகிய கால வகையில் எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் 90 நாள்தான் தங்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மே 15-ல் இறங்கி ஆகஸ்ட் 14-ல் கிளம்பினால் அது 92 நாள், விதிமீறல். மே 15-ல் இறங்கியவருக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 12. இன்டர்ன்ஷிப் கடிதத்தில் தேதி போடுவதற்கு முன்பே பேராசிரியரிடமோ நிறுவனத்திடமோ இதைச் சொல்லிவிடுங்கள். 90 நாளைத் தாண்டும் என்றால் தேசிய விசா, அதாவது டி வகை வாங்க வேண்டும். அதற்குப் பணச் சான்றும் காத்திருப்பும் கூடுதல்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போனால் வாங்க மாட்டார்கள். விண்ணப்ப மையம் சென்னையில் இருக்கிறது, கைரேகை வைக்க நேரில் போக வேண்டும். கோடைக்கு முந்தைய மாதங்களில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆகையால் கடிதம் கைக்கு வந்த அன்றே தேதி பிடியுங்கள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் என்றால், அவர்கள் அங்குள்ள வேலைவாய்ப்பு முகமையிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கலாம். அதை அவர்கள்தான் செய்ய வேண்டும், நீங்கள் செய்ய முடியாது. "ஒப்புதல் தேவையா, கேட்டாயிற்றா" என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டுவார்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்குமிடம் காலியாக இருக்கலாம், அல்லது அப்பா பெயர் இருக்கலாம். ஜெர்மனியின் எந்தப் படிவமும் அந்த இடத்தைக் காலியாக விடாது. கல்லூரி போனஃபைடு, அழைப்புக் கடிதம், காப்பீடு, விமான டிக்கெட் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, அதே எழுத்துக்களோடு, இனிஷியலை விரித்தே எழுதச் சொல்லுங்கள். கல்லூரிச் சான்றிதழில் "எஸ்." என்றும் பாஸ்போர்ட்டில் "சுடலைமுத்து" என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று கல்லூரித் தலைப்புத்தாளில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பெயர் அங்கே வாசலிலும் வேலை செய்யும். ஜெர்மனியில் பெரும்பாலும் அடுக்குமாடி வீட்டின் கதவு எண்ணைப் பார்த்துத் தபால் போடுவதில்லை. அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் இருக்கும் பெயரைப் பார்த்தே போடுவார்கள். உங்கள் பெயர் அங்கே ஒட்டப்படாவிட்டால் வங்கிக் கடிதமும் பார்சலும் திரும்பிப் போய்விடும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். அது முடியாவிட்டால், முகவரியில் உங்கள் பெயருக்குக் கீழே வீட்டுக்காரர் பெயரைப் பார்வைக்கு என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

எங்கிருந்து ஏறுவது, எதை எடுத்துப் போவது

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் நெல்லை, நாகர்கோவில், தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் திருவனந்தபுரத்தையும் பாருங்கள். நெல்லையிலிருந்து சாலை வழியில் சுமார் 150 கிலோமீட்டர்தான், வளைகுடா வழியாக மாறிப் போகும் விமானங்கள் அங்கிருந்தே கிளம்புகின்றன. சென்னை என்று முடிவானால் 2023 செப்டம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத் ஏறத்தாழ 8 மணி நேரத்தில் எழும்பூரில் விடும். நள்ளிரவு விமானத்துக்கு அது பொருந்தும். அதிகாலை விமானம் என்றால் முதல் நாளே போய்விடுவது நல்லது.

பெட்டியில் உணவு வைக்கும்போது ஐரோப்பியச் சுங்க விதியை நினைவில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவர் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக்கூடாது. நெய் டப்பா, பால்கோவா, பன்னீர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை. நிழலில் உலர்த்திப் பொடித்து எடுத்துப் போங்கள். அல்வாவில் நெய் இருப்பதால் கிலோ கணக்கில் எடுத்துப் போய் வாதம் செய்ய வேண்டாம். கடையில் மூடி ஒட்டிய சிறு பாக்கெட் ஒன்றிரண்டு போதும், அதுவும் செக்-இன் பெட்டியில். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் அதைக் குழைவான பொருள் என்று பிடுங்கி வைக்க வாய்ப்பு உண்டு. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதை எடுத்துப் போகாதீர்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருவருக்குப் போதுமான அளவு இது: சாம்பார் பொடி 300 கிராம், இட்லிப் பொடி 250 கிராம், மிளகாய்த்தூள் 200, மஞ்சள் தூள் 50, பெருங்காயம் 50, கடுகு 100, சீரகம் 100, உளுந்தம்பருப்பு தாளிக்க 200, கொட்டை நீக்கிய புளி 300. அரிசியும் பருப்பும் சுமக்காதீர்கள், அங்கேயே கிடைக்கும். 2 லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுப்பு எந்த வகை என்று முதலில் கேளுங்கள். கண்ணாடித்தளத்தில் சிவப்பாகச் சூடேறும் அடுப்பில் அலுமினியக் குக்கர் வேலை செய்யும், அடி மட்டமாக இருந்தால் போதும். இண்டக்ஷன் என்றால் இரும்புச்சத்துள்ள அடி இல்லாமல் சூடே ஏறாது.

மின்சாரம் நம்மூரைப் போலவே 230 வோல்ட். மெல்லிய இரண்டு முள் சார்ஜர் நேராகப் பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது. ஒரு மாற்றியும் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

பணத்துக்கு ஃபாரக்ஸ் கார்டில் யூரோ ஏற்றுங்கள், கையில் 200 முதல் 300 யூரோ ரொக்கம், 50-க்கு மேற்பட்ட நோட்டு வேண்டாம். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம். இந்திய சிம்முக்கு ரோமிங்கை ஊரிலேயே திறந்து சோதித்துவிடுங்கள். வங்கி ஓடிபி வராமல் அங்கே உட்கார்ந்து கஸ்டமர் கேருக்குப் பேசுவது வீண் செலவு.

முதல் வாரம்

சிம் கார்டை ஆன்லைனில் வாங்காமல் கடையில் வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே பதிந்துவிடுங்கள். வீடியோ அழைப்பில் அடையாளம் காட்டும் முறை எல்லாப் பாஸ்போர்ட்டையும் ஏற்பதில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர் குடியேறி 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. பதிந்த சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் ஒன்று வரும், மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லையே என்று கிழித்துப் போடாதீர்கள். அது வீட்டுக்கு ஒன்று. கூடக் குடியிருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவர் எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

குப்பையில் அக்கம்பக்கத்துச் சண்டை வரும். காகிதத்துக்கு நீலத் தொட்டி, பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள், காய்கறிக் கழிவுக்குப் பெரும்பாலும் பழுப்பு, மீதி கறுப்பு. கண்ணாடிப் புட்டியை நிறம் பார்த்துத் தெருவில் உள்ள பெரிய கூண்டில் போட வேண்டும். ஞாயிறன்று அதைப் போடக்கூடாது, சத்தம் கேட்கும் என்பதால். வாஷிங்மெஷினும் வாக்குவம் கிளீனரும் ஞாயிறன்றும் இரவு 10 முதல் காலை 6 வரையும் வேண்டாம்.

தண்ணீர் வாங்கத் தேவையே இல்லை, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். வாங்கினால் "ஷ்டில்" என்று எழுதியதை எடுங்கள், "கிளாசிக்" என்பது சோடா. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பாட்டிலை நசுக்காமல் போட்டால் சீட்டு வரும், அதை பில்லில் கழித்துக்கொள்ளலாம். நசுக்கினால் இயந்திரம் பட்டையைப் படிக்காது, காசு போச்சு.

அடுப்படி

செலவு கட்டுக்குள் நிற்பதும் நிற்காததும் இங்கேதான் முடிவாகும். மதியம் மென்ஸா என்னும் பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர் விலையில் சாப்பிடலாம். இன்டர்ன் என்றால் விருந்தினர் விலை போட்டுவிடுவார்கள், அதனால் மாணவர் அட்டைக்கு உங்கள் துறைச் செயலரிடம் முதல் நாளே கேளுங்கள். காலையும் இரவும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அரிசியில் "பார்பாயில்ட்" நம் புழுங்கலரிசிக்கு அருகில் வரும். "மில்ஷ்ரைஸ்" குண்டாக, பசையாக வேகும். சாம்பார் சாதத்துக்கு ஆகாது, ஆனால் தயிர்சாதத்துக்கு அதைவிட நல்லது அங்கே கிடையாது. துவரம்பருப்பு ஆசியக் கடையில் மட்டும் கிடைக்கும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் சிவப்புத் துவரை மாதிரிப் பருப்பு மசூர்தான், குக்கர் இல்லாமலே 15 நிமிடத்தில் வெந்துவிடும். "கிரீஸ்" என்பது ரவை. "நாட்டூர்யோகர்ட்" 3.5 சதவீதக் கொழுப்புள்ளது நம் தயிர். "குவார்க்" தயிர் அல்ல, பார்த்து ஏமாறாதீர்கள். வெண்டைக்காய், பச்சைமிளகாய், கொத்தமல்லிக்குத் துருக்கிக் கடைக்குப் போங்கள். ஜெல்லி மிட்டாய், சில தயிர் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். சைவம் என்றால் உறையைப் படியுங்கள்.

மாவரைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அறை 20 டிகிரியில் இருக்கும்போது மாவு 8 மணி நேரத்தில் பொங்காது, ஒரு நாள் கூடப் பிடிக்கும்.

சொதிக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை. தேங்காய் திருகிப் பால் பிழியும் வேலையும் கிடையாது. இருவருக்கு: 400 மில்லி தேங்காய்ப்பால் டின் 1, பாசிப்பருப்பு 50 கிராம், உருளைக்கிழங்கு 1, காரட் 1, பீன்ஸ் 10, பச்சைப்பட்டாணி ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயத்துக்குப் பதில் அங்குள்ள ஷாலட் 6, பச்சைமிளகாய் 4, இஞ்சி ஒரு அங்குலம், எலுமிச்சை பாதி. பருப்பைத் தனியாகக் குழைய வேக வையுங்கள். பாதி டின்னோடு 200 மில்லி தண்ணீர் சேர்த்தால் அது இரண்டாம் பால். காய்கள், வெங்காயம், கீறிய மிளகாய், நசுக்கிய இஞ்சியை அதில் வேக வைத்து, பருப்பையும் உப்பையும் சேருங்கள். மீதிப் பாதியை முதல் பாலாகக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். எலுமிச்சையும் சற்று ஆறிய பிறகுதான். இஞ்சிப் பச்சடிக்கு வழியில்லாவிட்டால் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டாவது பக்கத்தில் இருக்கட்டும்.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்துங்கள். வற்றல்மிளகாய்ப் புகை நடைக்கூடத்தில் இருக்கும் புகையுணரிக்குப் போனால் தீயணைப்பு வண்டி வரும், விடுதியைப் பொறுத்துச் செலவை உங்கள் தலையிலும் கட்டலாம்.

வேலையிடம்

8:30 என்றால் 8:25. உடம்பு முடியாவிட்டால் வேலை தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். பேராசிரியரை அவராகச் சொல்லும்வரை முதல் பெயரில் அழைக்காதீர்கள். மே, ஜூனில் வியாழனன்று வரும் கிறிஸ்தவ விடுமுறைகள் உண்டு. இயேசுவின் விண்ணேற்ற நாள் எல்லா மாநிலத்துக்கும், கார்ப்பஸ் கிறிஸ்டி பவேரியா, ரைன்லாண்ட் பக்கம் உள்ளிட்ட சில மாநிலங்களுக்கு மட்டும். வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுப்பு எடுத்தால் 4 நாள் கிடைக்கும். அங்குள்ளவர்கள் இந்த வெள்ளியை மாதக்கணக்கில் முன்னே கேட்டு வைத்துவிடுவார்கள். நீங்கள் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

வார இறுதி

12 வார இறுதிகள் என்று வைத்துக்கொள்வோம். பலரும் பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம், பிராக் என்று வாரம் ஒன்றாகப் போட்டு, ஆறாவது வாரத்தில் காசும் தெம்பும் தீர்ந்துபோய் நிற்பார்கள். எங்கள் கணக்கு வேறு: 8 வாரம் உள்ளூர் ரயிலில் போய்வரும் இடங்கள், 2 வாரம் தூரதேசம், 2 வாரம் துணி துவைத்துத் தூங்க.

அந்த 8 வாரத்துக்கு டாய்ச்லாண்ட்டிக்கெட் போதும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63. நாடு முழுவதும் பேருந்து, டிராம், மெட்ரோ, புறநகர் ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி, ஃபிளிக்ஸ் போன்ற தொலைதூர வண்டிகளில் செல்லாது, சைக்கிளுக்குத் தனி டிக்கெட். இது மாதச் சந்தா. 10-ம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியோடு நிற்கும், மறந்தால் ஊருக்கு வந்தபிறகும் ஒரு மாதம் பிடிப்பார்கள். பெரும்பாலும் நாட்காட்டி மாதக் கணக்கு என்பதால், 20-ம் தேதி இறங்கியவர் அந்த மாதத்துக்கு வாரச் சீட்டு மலிவா என்று பாருங்கள். சில செயலிகள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்கும். கார்டு ஏற்கும் செயலியாக உள்ளூர்ப் போக்குவரத்துக் கழகத்திடம் தேடுங்கள். நிறுவனம் ஊழியர்களுக்குத் தள்ளுபடியில் தருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

ரயில் செயலியில் "உள்ளூர் போக்குவரத்து மட்டும்" என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடுங்கள். அது போடாமல் தேடி, காட்டிய ஐசிஇயில் ஏறினால் அபராதம். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. நிலையத்தில் கதவு இல்லையே, யாரும் பார்க்கவில்லையே என்று இருக்க வேண்டாம், சாதாரண உடையில் வருவார்கள்.

வாரத்தின் வேலை இப்படி ஓடட்டும். புதனன்று வானிலையையும் தண்டவாள வேலையையும் பாருங்கள். கோடையில்தான் பாதைகளைப் பெயர்த்துப் போடுவார்கள், ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், ஒரு மணி நேரம் கூடும். வியாழனன்று நுழைவுச்சீட்டு. வெள்ளியன்று காய்கறி, ரொட்டி, ஞாயிறுக்குத் தேவையானதெல்லாம். சனி காலை 7 மணிக்கு ரயில். போக 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தை ஒரு நாளில் முயலாதீர்கள். திரும்புவதற்குக் கடைசி ரயிலை நம்பாமல், அதற்கு முந்தியதைப் பிடியுங்கள். வட்டார ரயிலில் இரண்டு மாற்றம் இருந்தால் ஒன்று தவறுவது சகஜம்.

மியூனிக்கில் இருப்பவருக்கு ஃபியூசன் வழியாக நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை உண்டு. உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும், முன்பே எடுக்காவிட்டால் வெளியில் நின்று பார்த்து வரலாம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மத்திய நிலையம் வரை அதே டிக்கெட் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. எல்லையில் சோதனை இருக்கும், பாஸ்போர்ட் நகல் போதாது, அசல் வேண்டும். டிரெஸ்டனிலிருந்து எஸ்1 ரயிலில் ராத்தன் இறங்கி, எல்பே ஆற்றைப் படகில் கடந்து ஏறினால் பாஸ்டை பாறைப்பாலம். கொலோனிலிருந்து கோப்லென்ஸ், அங்கிருந்து பிங்கன் வரை ரைன் கரையை ஒட்டியே ரயில் போகும். பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002-ல் பட்டியலில் சேர்த்தது. ஆற்றுப் பக்கம் ஜன்னல் பிடிப்பதுதான் அந்தப் பயணத்தின் முழு வித்தை.

ஏறும்போது பெட்டியின் பலகையைப் படியுங்கள். நடுவழியில் ரயிலை இரண்டாக உடைத்து, முன்பாதியை ஓர் ஊருக்கும் பின்பாதியை இன்னோர் ஊருக்கும் அனுப்புவார்கள். குருவாயூர் எக்ஸ்பிரஸின் தூத்துக்குடிப் பெட்டிகள் முன்பு மணியாச்சியில் கழன்ற மாதிரிதான். தவறான பாதியில் உட்கார்ந்தால் தவறான ஊர்.

தூரதேச 2 வாரத்துக்கு ஐசிஇ சிக்கன டிக்கெட்டை முன்கூட்டி எடுங்கள். அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும். ஆனால் சேரும் இடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120-க்கு 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். ஷெங்கனில் 29 நாடுகள் உண்டு, லண்டன் அதில் இல்லை. ஒருமுறை நுழைவு விசாவில் ஷெங்கனை விட்டு வெளியேறினால் திரும்ப முடியாது. சுவிட்சர்லாந்து ஷெங்கனுக்குள் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் உங்கள் ஜெர்மன் சிம்மின் இலவச ரோமிங் அங்கே பெரும்பாலும் ஓடாது. அங்குள்ள பாசல் நகருக்குப் போகுமுன் டேட்டாவை அணைத்து, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலுக்குச் சிறு பூட்டு ஒன்று எடுத்துப் போங்கள், அலமாரி தருவார்கள், பூட்டு தர மாட்டார்கள். நிலையக் கழிப்பறைக்குக் காசு, ரயிலுக்குள் இலவசம். கட்டுச்சோறாகப் புளிச்சோறு கட்டினால் மாலை வரை கெடாது, நிலையத்து ரொட்டிச் செலவு மிச்சம். மழைச்சட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே ஜூன், ஜூலையில் அங்கே ஒரு நாள் 32 டிகிரி, மறுநாள் 14. பெரும்பாலான அறைகளில் மின்விசிறி கிடையாது, பகலில் திரையை இறக்கி, ராத்திரி ஜன்னலைத் திறப்பதே வழி. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் நேரம் போவது தெரியாமல் கடைசி ரயிலை விடுவார்கள்.

வீட்டுக்குப் பேச, கோடையில் இந்தியா 3.30 மணி நேரம் முன்னே. அங்கே மாலை 6 என்றால் இங்கே 9.30. அம்மா தூங்குமுன் பிடித்துவிடலாம். சனியன்று எந்த ஊருக்குப் போகிறோம், எந்த ரயிலில் திரும்புகிறோம் என்று அறைத் தோழருக்கும் ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

உடம்புக்கு முடியாவிட்டால்

உயிர்போகும் அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 110. டாக்டரின் கிளினிக் திறந்திராத நேரத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் 116117. பாராசிட்டமால்கூட மருந்துக்கடையில் மட்டுமே விற்பார்கள், அது ஞாயிறன்று மூடியிருக்கும். முறைவைத்துத் திறக்கும் கடையின் பெயர் மூடிய கடைக் கதவில் ஒட்டியிருக்கும். ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் கிடைக்காது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை மூன்று மாதத்துக்கு, ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடு கொண்டு போங்கள்.

கிளம்பும் மாதம்

10-ம் தேதிக்கு முன் பயணச் சந்தா ரத்து. பதிவு செய்தவர் கிளம்பும்போது முகவரிப் பதிவையும் நீக்க வேண்டும். வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் செய்யலாம். சான்றிதழ், பணி மதிப்பீட்டுக் கடிதம் இரண்டையும் கடைசி நாளில் கேட்காமல், இரண்டு வாரம் முன்பே வரைவை எழுதிக் கையெழுத்துக்குக் கொடுங்கள். அறையை ஒப்படைக்கும்போது சுவர், அடுப்பு, ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை படிந்த அடுப்பு மேடைக்கு முன்பணத்தில் பிடிப்பது நம்மவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் போட்டு முதல் நாளே தேய்த்துவிடுங்கள். சேர்ந்துபோன பாட்டில்களைச் சனிக்கிழமைக்குள் இயந்திரத்தில் போட்டுக் காசாக்குங்கள். ஞாயிறு விமானம் என்றால் கடை திறந்திருக்காது.